கான்டர்பரி யாத்திரையும் கதை சொல்லாத உழவனும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கல்வி தொடர்பாக ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு கழகச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஜெஃப்ரி சாசர் என்னும் புலவர் இயற்றிய ‘கான்டர்பரிக் கதைகள்’ என்னும் நூலைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். ‘வெள்ளைக்காரர் எவரோ எங்கோ யாத்திரை போன கதை நமக்கு எதற்கு?’ என்று நம் மாணவர்களே நம்மைக் கேட்டதுண்டு. அக்கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை இவ்வுரையின் முடிவில் நீங்களே கண்டுகொள்வீர்கள் என்னும் நம்பிக்கையுடன் தொடங்குகின்றோம்.

முதற்கண் புலவரின் காலத்தைக் காண்போம். சாசர் 1340-களின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் திராட்சை மது வணிகர். பிரபு குலத்தில் பிறவாத இவர், இளமையில் ஓர் அரச குடும்பத்தில் பணியாளாகச் சேர்ந்தார். பிரான்சு நாட்டுப் போரில் சிறைப்பட்டு, 1360-ஆம் ஆண்டு பணயத்தொகை கொடுத்து மீட்கப்பட்டார். அத்தொகைக்கு அரசர் அளித்தது 16 பவுன். 1374-இல் இலண்டன் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதிச் சுங்கக் கணக்கை மேற்பார்க்கும் பதவி கிடைத்தது. 1386-இல் கென்ட் மாவட்டத்தின் சார்பில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1400-ஆம் ஆண்டு மறைந்தார். பகலெல்லாம் சுங்கச் சாவடியில் கணக்கு எழுதிவிட்டு, இரவில் வீடு திரும்பிப் புத்தகத்தின் முன் அமர்ந்த மனிதர் அவர் என்பதை, அலுவல் பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படிக்கும் நம் இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவர் எழுத எடுத்துக்கொண்ட மொழியும் நினைக்கத் தக்கது. 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், அரசவையின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. திருச்சபையின் மொழி இலத்தீன். மண்ணை உழுதவனும் துணி நெய்தவனும் பேசிய ஆங்கிலம் பாமரர் மொழி எனத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. நீதிமன்றங்களில் மக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்பதால் ஆங்கிலத்தில் வழக்காட வேண்டும் என்று 1362-இல்தான் சட்டம் இயற்றப்பட்டது. சாசரின் நண்பராகிய ஜான் கோவர் என்னும் புலவர் பிரெஞ்சிலும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் நூல்கள் செய்தார். சாசரோ தம் பெருநூல்கள் அனைத்தையும் இலண்டன் மக்கள் பேசிய ஆங்கிலத்திலேயே செய்தார். இன்று உலகையே ஆளும் மொழியாக நாம் கருதும் ஆங்கிலமும் ஒருகாலத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மொழிதான் என்பதை மறவாதீர்கள்.

இனி நூலுக்கு வருவோம். கான்டர்பரித் தலைமைப் பேராலயத்தில் பேராயர் தாமஸ் பெக்கெட் 1170-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் அரசனின் வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். 1173-இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அவருடைய கல்லறைக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் யாத்திரை செல்வது வழக்கமாயிற்று. அவ்வாறு செல்லும் ஒரு கூட்டத்தையே சாசர் தம் நூலின் களமாக அமைத்தார். ஏறத்தாழ 1387-இல் இதனைத் தொடங்கினார் என்பர்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் மாலை. தேம்சு ஆற்றின் தென்கரையில் சதர்க் என்னும் இடத்தில் டாபர்ட் என்றொரு விடுதி. அங்கே இருபத்தொன்பது யாத்திரிகர்கள் வந்து சேர்கின்றனர். சாசரும் அவர்களுடன் சேர்ந்துகொள்கின்றார். விடுதிக்காரர் ஹாரி பெய்லி ஒரு யோசனை கூறுகின்றார். வழிநடைக் களைப்புத் தெரியாமலிருக்க ஒவ்வொருவரும் போகும்போது இரண்டு கதையும் திரும்பும்போது இரண்டு கதையும் சொல்ல வேண்டும். யார் கதை பொருளும் சுவையும் நிறைந்ததோ அவருக்கு மற்றவர் அனைவரும் தம் செலவில் விருந்தளிக்க வேண்டும். தாமே உடன் வந்து நடுவராக இருப்பார். யாவரும் இசைகின்றனர். மறுநாள் விடியலில் குதிரைகள் புறப்படுகின்றன.

இத்திட்டப்படி 120 கதைகள் வந்திருக்க வேண்டும். நமக்குக் கிடைத்திருப்பவை 24; அவற்றுள்ளும் சில முற்றுப் பெறாதவை. இருப்பினும் எண்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகளில் இந்நூல் முழுமையாகவோ பகுதியாகவோ இன்றும் நிலைத்திருக்கின்றது. இங்கிலாந்தில் அச்சுத்தொழிலைத் தொடங்கிய காக்ஸ்டன் முதன்முதலில் அச்சிட்ட பெருநூல்களுள் இதுவும் ஒன்று.

இதற்கு முன்னரும் கதைக்குள் கதை வைத்த நூல்கள் உண்டு. இத்தாலிய ஆசிரியர் பொக்காச்சியோ, கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரை விட்டு விலகிய பத்துப் பேர் நூறு கதைகள் சொல்வதாக எழுதினார். ஆனால் அப்பத்துப் பேரும் செல்வக் குடியினர். ஒரே வகையாகப் பேசுவோர். சாசரின் கூட்டத்திலோ போர்வீரப் பெருமகனும் உண்டு, சமையற்காரனும் உண்டு. கன்னிமாடத் தலைவியும் மாவு ஆலைக்காரனும் ஒரே பாதையில், ஒரே புழுதியில் செல்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வாய்மொழியில், தத்தம் தொழிலின் வாடை வீசப் பேசுகின்றனர். இந்நூலின் புதுமை இதுவே.

நூலின் முகவுரை 858 அடிகளைக் கொண்டது. அதில் யாத்திரிகர்களை ஒவ்வொருவராகச் சாசர் அறிமுகம் செய்கின்றார். எவரையும் அவர் நேரே வைவதில்லை. அனைவரையும் புகழ்வது போலவே பேசுவார். நடுவே ஒரு சிறு செய்தியை வைத்துவிட்டு மேலே சென்றுவிடுவார். அச்சிறு செய்தி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கன்னிமாடத் தலைவியை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுண்ணும்போது ஒரு துளியும் சிந்தாத நாகரிகம் உடையவள். பொறியில் அகப்பட்ட எலியைக் கண்டாலும் கண்ணீர் வடிப்பாள். தன் நாய்க்குட்டிகளுக்கு வறுத்த இறைச்சியும் பாலும் வெள்ளை ரொட்டியும் ஊட்டுவாள். பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் கண்ட அந்நாட்டில், ஏழை மக்கள் கறுப்பு ரொட்டிக்கு ஏங்கிய நாளில் எழுதப்பட்ட அடிகள் இவை என்பதை நினைத்தால் புகழுரையின் பொருள் விளங்கும்.

இரந்துண்ணும் துறவி மற்றொருவர். ஏழைகளுக்குத் தொண்டு செய்வதாக உறுதி பூண்ட சபையினர். அவருக்கு ஊரிலுள்ள மதுக்கடைக்காரர் அனைவரையும் தெரியும். தொழுநோயாளரையும் பிச்சைக்காரரையும் தெரியாது. அத்தகையோருடன் பழகுவது தம் தகுதிக்கு ஒவ்வாது என்று அவர் எண்ணுகின்றார். சாசரும் ‘ஆம், ஒவ்வாதுதான்’ என்று தலையசைப்பது போல் எழுதிச் செல்கின்றார். தகுதி என்னும் சொல்லைச் சொல்லி மனிதரை விலக்கி வைப்போரை அறிந்த நமக்கு, இந்த இடத்தை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

வேட்டை நாய்கள் வளர்க்கும் மடத்துத் துறவி, கொள்ளைநோய்க் காலத்தில் ஈட்டிய பொன்னைச் செலவிடாமல் காக்கும் மருத்துவர், உள்ள வேலையைக் காட்டிலும் மிகுந்த வேலை உள்ளவர் போல் தோன்றும் வழக்கறிஞர் என ஒவ்வொருவரும் கண்முன் நிற்கின்றனர். இவர்களை நாம் எங்கோ கண்டிருக்கின்றோமே என்று தோன்றும். அறுநூறு ஆண்டு இடைவெளி அந்நொடியில் மறைந்துவிடும்.

சாசர் உளமாரப் புகழ்வது மிகச் சிலரையே. அவர்களுள் ஒருவர் ஆக்ஸ்போர்டு மாணவர். அவருடைய குதிரை எலும்பும் தோலுமாக இருக்கும்; அவரும் கொழுத்தவர் அல்லர். மேலங்கி நைந்து போனது. நல்ல ஆடைகளைவிடத் தம் படுக்கையின் தலைமாட்டில் இருபது புத்தகங்கள் இருப்பதையே விரும்புவார். நண்பர்கள் தரும் பணம் முழுவதையும் நூல்களுக்கே செலவிட்டுப் பணம் தந்தவர்களுக்காக இறைவனை வேண்டுவார். கற்பதிலும் கற்பிப்பதிலும் அவருக்கு ஒத்த மகிழ்ச்சி. இக்கழகத்தின் உதவித்தொகை பெற்றுப் பயின்ற நம் மாணவர் பலரின் முகங்கள் இப்பகுதியைப் படிக்கும்போது நினைவுக்கு வருகின்றன.

இன்னொருவர் ஏழைப் பங்குக் குரு. மழையிலும் இடியிலும் கையில் கோலூன்றி நடந்தே சென்று, ஊரின் கடைசி வீட்டிலுள்ள நோயாளியையும் காண்பார். காணிக்கை தராதவரைச் சபிக்க மாட்டார். தமக்கு வந்த காணிக்கையையும் ஏழைகளுக்கே தருவார். அவருக்கு உடன்பிறந்தவன் ஓர் உழவன். வண்டி வண்டியாக எருச் சுமந்தவன். யாருடனும் பகையின்றி வாழ்ந்தவன். ஏழை ஒருவனுக்காகக் கூலி வாங்காமலேயே கதிரடிப்பான், வாய்க்கால் வெட்டுவான். அவனுக்குச் சாசர் ஒதுக்கியவை 13 அடிகள். இரந்துண்ணும் துறவிக்கோ அறுபதுக்கு மேற்பட்ட அடிகள். நாம் பட்ட வகுப்பில் பயின்ற நாளில், இந்தப் பதின்மூன்று அடிகளும் தேர்வுக்கு வாரா என்று கூறி வகுப்பில் விட்டுவிடப்பட்டன. அன்று நாமும் அதனைப் பெரிதாக நினைக்கவில்லை. பின்னர் ஆசிரியராகி, நூல் முழுவதையும் தனியே படித்த போதுதான் அவ்வுழவனை நாம் தேடத் தொடங்கினோம். அவனைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

கதைகள் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். சீட்டு எடுக்கின்றனர், முதற்சீட்டு போர்வீரப் பெருமகனுக்கு விழுகின்றது. அரசரும் வீரரும் காதலும் போரும் நிறைந்த நெடுங்கதையை அவர் உரைக்கின்றார். அடுத்துத் தகுதி வரிசைப்படி மடத்துத் துறவி பேச வேண்டும் என்று விடுதிக்காரர் அழைக்கின்றார். அப்போது குடித்து மயங்கிய மாவு ஆலைக்காரன் குறுக்கிட்டு, தானே அடுத்துப் பேசுவேன் என்கின்றான். ‘உன்னினும் மேலானவர் ஒருவர் முதலில் பேசட்டும்’ என்று விடுதிக்காரர் தடுக்கின்றார். அவன் கேட்பதாயில்லை, பேச விடாவிட்டால் கூட்டத்தை விட்டே போய்விடுவதாகக் கூறுகின்றான். விடுதிக்காரர் வழிவிடுகின்றார்.

அந்த ஒரு நொடியில் மேலோர் முதலில், கீழோர் பின்னர் என்னும் வரிசை உடைந்து விடுகின்றது. அதன்பின் கதைகள் தகுதியைப் பார்த்து வருவதில்லை. கோபத்தாலும் மறுமொழியாலும் பிறக்கின்றன. ஆலைக்காரன் ஒரு தச்சனை ஏளனம் செய்து கதை சொல்ல, தச்சுத் தொழில் அறிந்த பண்ணைக் காரியக்காரன் வெகுண்டு, ஓர் ஆலைக்காரனை ஏமாற்றும் கதையால் பழிவாங்குகின்றான். ஆலைக்காரனின் கதை நாகரிகமானதன்று. விரும்பாதவர் ஏட்டைப் புரட்டி வேறு கதையைப் படிக்கலாம் என்று சாசரே எச்சரிக்கின்றார். குடித்துவிட்டுப் பேசுவதை நாம் போற்றவில்லை. ஆனால் கேட்பாரற்றவன் பேசத் துணிந்ததனால் நூலே உயிர் பெற்றது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலாது.

பாத் நகரத்து மனையாட்டியும் அத்தகையவளே. துணி நெய்வதில் வல்லவள். ஐந்து கணவரை மணந்தவள். காது சற்று மந்தம். காது மந்தமானதற்குக் காரணம் உண்டு. அவளுடைய ஐந்தாம் கணவன் படித்தவன். கெட்ட பெண்களைப் பற்றிய கதைகளே நிறைந்த ஒரு நூலை நாள்தோறும் அவளுக்குப் படித்துக் காட்டுவான். பொறுக்க முடியாத அவள் ஒருநாள் அந்நூலின் ஏடுகளைக் கிழித்தாள். அவன் அறைந்தான், காது செவிடாயிற்று. அந்நூலைப் பற்றி அவள் கேட்கும் கேள்வி எக்காலத்துக்கும் உரியது. மனிதன் சிங்கத்தை வெல்வது போன்ற ஓவியத்தைக் கண்ட சிங்கம், அதனை வரைந்தவர் யார் என்று கேட்டதாகப் பழைய நீதிக்கதை ஒன்று உண்டு. அக்கதையைச் சுட்டி, நூல்களைப் பெண்கள் எழுதியிருந்தால் ஆண்களின் தீமைகள் எவ்வளவு எழுதப்பட்டிருக்கும் என்று அவள் கேட்கின்றாள். எழுதுகோல் யார் கையில் இருந்ததோ அவர் எழுதியதே வரலாறாக நின்றது என்பதை, ஒரு பெண்ணின் வாயால் சாசர் கூறுகின்றார்.

அவள் சொல்லும் கதையில் ஓர் இடம் உண்டு. குற்றம் புரிந்து உயிர்த் தண்டனைக்கு ஆளான ஓர் இளம் வீரனை ஒரு முதியவள் காப்பாற்றுகின்றாள்; கொடுத்த வாக்கின்படி அவன் அவளை மணக்க நேர்கின்றது. ‘நீ அழகற்றவள், முதியவள், இழிந்த குடியில் பிறந்தவள்’ என்று அவன் முகம் திருப்புகின்றான். அவள் அமைதியாக மறுமொழி கூறுகின்றாள். செல்வத்தை முன்னோர் விட்டுச் செல்லலாம். பண்பை விட்டுச் செல்ல இயலாது. பிரபுவின் மகன் இழிசெயல் புரிந்தால் அவனே இழிந்தவன். நற்செயல் புரிவோன் எக்குடியில் பிறந்தாலும் மேன்மகன் என்பது அவள் வாதம். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் உண்மையை நம் நாட்டுச் சான்றோர் பலர் கூறியுள்ளனர். உலகின் மறுகோடியிலும் இழித்துப் பேசப்பட்டவள் ஒருத்தியே அதே உண்மையைப் பேசினாள் என்பது நமக்கு ஆறுதல் அளிப்பதாகும்.

இனி, ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் கூற வேண்டும். எலிக்காகக் கண்ணீர் வடித்த கன்னிமாடத் தலைவி சொல்லும் கதை யூத மக்களைப் பற்றியது. பாடிக்கொண்டு சென்ற ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை யூதர்கள் கொன்றதாகவும், அவர்களைக் குதிரைகளில் கட்டி இழுத்துத் தூக்கிலிட்டதாகவும் அவள் பக்தியுடன் கூறுகின்றாள். இது அப்பட்டமான அவதூறு. இத்தகைய பொய்ப்பழியால் 1255-இல் லிங்கன் நகரத்து யூதர் பலர் உயிரிழந்தனர். 1290-இல் யூதர் அனைவரும் இங்கிலாந்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஆகவே சாசரின் காலத்து மக்களில் பெரும்பாலோர் யூதர் எவரையும் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். காணாத மக்களைப் பற்றியும் வெறுப்பு தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படக் கூடும்; அதனை வளர்ப்பதற்கு இனிய குரலில் சொல்லப்படும் ஒரு கதை போதும். சாசர் அத்தலைவியை எள்ளுவதற்காக இதனை வைத்தாரா, தாமும் அக்காலத்து வெறுப்புக்கு உடன்பட்டாரா என்பது பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். எது எவ்வாறாயினும், பெருநூல் என்பதற்காக அதிலுள்ள நஞ்சை அமுதெனக் கொள்ள வேண்டியதில்லை. நூல்களை மதிப்போம், வணங்க வேண்டா.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன் சொல்லும் கதைக்கு நம் மண்ணோடு உறவு உண்டு. மூன்று குடிகாரர்கள் சாவு என்பவனைக் கொல்லப் புறப்படுகின்றனர். ஒரு மரத்தடியில் பொற்குவியலைக் காண்கின்றனர். இளையவன் உணவும் மதுவும் வாங்க ஊருக்குள் செல்கின்றான். திரும்பியதும் அவனைக் கொல்ல மற்ற இருவரும் திட்டமிடுகின்றனர். அவனோ மதுவில் நஞ்சு கலந்து கொண்டுவருகின்றான். அவனைக் கொன்றுவிட்டு அம்மதுவை அருந்திய இருவரும் மடிகின்றனர். தேடிய சாவு அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

பௌத்த சாதகக் கதைகளில் நாற்பத்தெட்டாவதாகிய வேதப்ப சாதகம் இதனோடு ஒப்பிடத் தக்கது. மந்திரத்தால் வானிலிருந்து செல்வத்தைப் பொழிவிக்கும் ஒருவனைக் கள்வர்கள் பிடிக்கின்றனர். அச்செல்வத்துக்காக ஒருவரை ஒருவர் வெட்டி இறுதியில் இருவரே எஞ்சுகின்றனர். ஒருவன் காவல் இருக்க, மற்றவன் சோறு கொண்டுவரச் செல்கின்றான். சோற்றில் நஞ்சு, காத்திருந்தவன் கையில் வாள். இருவரும் மாள்கின்றனர். இக்கதை எவ்வழியாக, எத்தனை வாய்களைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தது என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆயினும் இவ்வகைக் கதைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அறிஞர்கள் இதனைக் காட்டுவர். அண்ணல் அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு தழுவிய பௌத்தத்தின் கதைச் செல்வம் அது. உலக இலக்கியப் பந்தியில் நாம் விருந்தினராக மட்டும் அமரவில்லை. அடுக்களையிலும் நமக்குப் பங்கு உண்டு.

யாத்திரையின் பிற்பகுதியில் மற்றொரு நிகழ்ச்சி. பொன் செய்வதாக மக்களை ஏய்க்கும் சமயக் குரு ஒருவர் தம் பணியாளனுடன் குதிரையில் விரைந்து வந்து கூட்டத்தில் சேர்கின்றார். உலைத் தீயை ஊதி ஊதி அப்பணியாளனின் முகம் நிறம் மாறிப் போயிருக்கின்றது. விடுதிக்காரர் கேட்கக் கேட்க, அவன் மெல்லத் தன் தலைவரின் மோசடிகளை வெளியிடத் தொடங்குகின்றான். வாயை மூடுமாறு அவர் மிரட்டுகின்றார். அவன் நிறுத்தவில்லை. தலைவர் நாணி, குதிரையைத் தட்டிவிட்டு ஓடிப் போகின்றார். அதன்பின் அவன் தன் கதையை முழுதும் சொல்கின்றான். ஏவல் செய்தவன் வாய் திறந்ததும் ஏவியவர் ஓடிய இக்காட்சியை நாம் பலமுறை படித்து மகிழ்ந்ததுண்டு.

இனி நம் உழவனிடம் வருவோம். இருபத்துநான்கு கதைகளையும் புரட்டிப் பார்த்தால், உழவனின் கதை இல்லை. நூல் முற்றுப் பெறவில்லை என்பது உண்மை. கதை சொல்லாதவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆயினும் உழவனின் மௌனத்துக்கு ஒரு பின்னணி இருக்கின்றது.

1348, 1349-ஆம் ஆண்டுகளில் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் கொண்டு சென்றது. உழைப்போர் குறைந்தமையால் கூலி உயர்ந்தது. நிலவுடைமையாளர் பொறுக்கவில்லை. நோய்க்கு முன்னிருந்த கூலியையே வாங்க வேண்டும் என்று 1351-இல் சட்டம் செய்தனர். பதினைந்து வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஷில்லிங் என்று தலைவரியும் விதித்தனர். 1381-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் உழவரும் கைவினைஞரும் கிளர்ந்தெழுந்தனர். வாட் டைலர் தலைமை ஏற்றார். பிறப்பால் ஆண்டான் அடிமை இல்லை என்று ஜான் பால் என்னும் ஏழைக் குரு முழங்கினார். கிளர்ச்சியாளர் சூன் 10-ஆம் நாள் கான்டர்பரிக்குள் புகுந்தனர்; அங்கிருந்து இலண்டன் நோக்கி நடந்தனர்; சதர்க்கில் சிறைச்சாலையை உடைத்தனர். நண்பர்களே! ஆறு ஆண்டுகளுக்குப் பின் சாசரின் யாத்திரிகர்கள் கதை பேசிச் சென்ற அதே சாலையில், எதிர்த் திசையில் நடந்து வந்தவர்கள் அவர்கள். மற்றொரு பிரிவினர் ஆல்ட்கேட் வாயில் வழியாக நகருக்குள் நுழைந்தனர். அந்த வாயிலின் மேல் மாடத்தில்தான் சாசர் அந்நாளில் குடியிருந்தார். சூன் 15-ஆம் நாள் அரசன் முன்னிலையில் வாட் டைலர் வெட்டி வீழ்த்தப்பட்டார். அடுத்த மாதம் ஜான் பால் கொல்லப்பட்டார். அரசன் அளித்த உறுதிமொழிகள் திரும்பப் பெறப்பட்டன.

இத்துணைப் பெரிய நிகழ்ச்சியைச் சாசர் வெளிப்படையாகக் குறிப்பது ஓரிடத்தில் மட்டுமே. அதுவும் ஒரு நரியைத் துரத்தும் கூட்டத்தின் கூச்சலுக்கு உவமையாக! அவருடைய நண்பர் கோவர், கிளர்ச்சி செய்த உழவர்களை விலங்குகளாக மாற்றி இலத்தீனில் பாடினார். சாசர் அவ்வளவு தூரம் செல்லவில்லை. தம் உழவனைப் புனிதனாகப் பாடினார். ஒருவர் விலங்காக்கினார், மற்றவர் புனிதனாக்கினார். இருவருமே அவனைப் பேச விடவில்லை. கூலி கேளாமல் உழைக்கும் உழவனே நல்லவன் என்று, கூலிக்காக உழவர் உயிர் கொடுத்த ஆறே ஆண்டுகளில் எழுதுவது எளிய செய்தியன்று. இதுவே அவனது மௌனத்துக்குக் காரணம் என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள் என்கின்றோம்.

அதன் பின் நிகழ்ந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. உழவனின் இடம் காலியாக இருந்தமையால் பிறர் அதனை நிரப்பினர். பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்றில், வேறொரு புலவர் பாடிய பக்திக் கதை உழவன் சொன்னதாகச் சேர்க்கப்பட்டது. 1542-ஆம் ஆண்டுப் பதிப்பில், திருச்சபையைத் தாக்கும் பாடல் ஒன்று உழவனின் கதையாக அச்சேறியது. இரண்டும் சாசருடையவை அல்ல என்று பின்வந்த அறிஞர்கள் விலக்கினர். பக்தி பரப்ப விரும்பியவர் அவன் வாயில் பக்தியை வைத்தார்; சமயச் சீர்திருத்தம் விரும்பியவர் சீர்திருத்தத்தை வைத்தார். வாய் அவனுடையது, சொல் பிறருடையது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஹன்டிங்டன் நூலகத்தில் எல்ஸ்மியர் கையெழுத்துப் படி காக்கப்படுகின்றது. கதை சொன்ன இருபத்து மூவரின் வண்ணப் படங்கள் அதில் தீட்டப்பட்டுள்ளன. உழவன் அவர்களுள் இல்லை. கதை இல்லாதவனுக்குப் படமும் இல்லை.

இளைஞர் செல்வங்களே! இந்நூலைப் பற்றி ஏன் பேசினோம் என்பது இப்போது விளங்கியிருக்கும். எருச் சுமந்தவனைப் புகழ்வதற்கு எக்காலத்திலும் ஆட்கள் கிடைப்பார்கள். இகழ்வதற்கும் கிடைப்பார்கள். அவன் சொல்வதைக் கேட்டு எழுதுவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஆகையால் அவனே எழுதக் கற்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு சென்னையில் இதழ் தொடங்கியது இவ்வுண்மையை உணர்ந்தே. அவர்போன்ற முன்னோர் ஏற்றிய விளக்கின் ஒளியிலேயே இக்கழகமும் நடைபெறுகின்றது.

நம் வீடுகளில் கதை சொல்ல வல்ல பாட்டிமார்களும் பாட்டனார்களும் இன்னும் இருக்கின்றார்கள். எந்த நிலத்தில் உழைத்தோம், எந்தக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டோம், முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார், அவரை அனுப்புவதற்கு எதை விற்றார்கள் என்பனவெல்லாம் அவர்கள் நெஞ்சில் இருக்கின்றன. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும். உங்களில் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுத்து, உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் சொற்களிலேயே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டா. நல்லதை மட்டும் தேர்ந்தெடுக்கவும் வேண்டா. அவ்வேடுகளைக் கழகத்தின் நூலகத்தில் சேர்த்து வைப்போம். அடுத்த விழா மலரில் அவை இடம்பெறட்டும்.

டாபர்ட் விடுதியில் அன்று இரவு அவ்வுழவனும் மற்றவர்களுடன் உணவருந்தினான். விடியலில் தன் பெண்குதிரையில் ஏறினான். கான்டர்பரிச் சாலையில் இன்றும் பேசாமல் சென்றுகொண்டிருக்கின்றான். அவன் கதையை நாம் அறிய இனி வழியில்லை. நம் கதைக்கு அந்த நிலை வாராமல் காப்பது நம் கையில், குறிப்பாக உங்கள் கையில் இருக்கின்றது.